நடுவில் ஊற்றிய தண்ணீர்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் பேனாவை எடுத்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும். பாட்டில்களுக்கு லேபிள் எழுதுவதும், வருடக் கடைசியில் உடைந்த கண்ணாடிச் சாமான்களைப் பட்டியல் போடுவதும்தான் இதுவரை நான் எழுதியவை. படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்தது. அதுவும் வரலாற்றுப் பிரிவு. நேரில் பேசவும் எனக்கு வராது. நாலு பேர் உள்ள அறையில் வாய் திறந்தால் என் குரல் எனக்கே கேட்காது. பேச வராததால் நடந்த ஒன்றைத்தான் எழுதப் போகிறேன்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் லேபில் உதவியாளராக இருக்கிறேன். பிள்ளைகளுக்கு நான் லேப் அக்கா. கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்கும் அக்காதான், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். முடிச்சூரிலிருந்து காலை ஏழரைக்குக் கிளம்பினால் எட்டேகாலுக்கு லேப் கதவைத் திறந்துவிடுவேன்.

என் வேலையில் பாதி, தண்ணீர் கலப்பது. கடையிலிருந்து வருவதெல்லாம் கெட்டியான சரக்கு. அதைப் பிள்ளைகள் கையில் அப்படியே கொடுக்க முடியாது. கந்தக அமிலம் எண்ணெய் மாதிரி வரும். அதை நீர்க்க வைப்பதற்கு நான் காலையில் யாரும் வராத நேரத்தைத்தான் எடுத்துக்கொள்வேன். பெரிய கண்ணாடி பீக்கரில் முதலில் தண்ணீர். அந்த பீக்கரை இன்னொரு பிளாஸ்டிக் டப்பில் குழாய்த் தண்ணீருக்குள் உட்கார வைப்பேன். பிறகு அமிலத்தைக் கண்ணாடிக் குச்சி வழியாக நூல் மாதிரி இறக்க வேண்டும். கலக்க வேண்டும், நிறுத்த வேண்டும், புறங்கையால் பீக்கரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அடுப்பில் வைத்த பாத்திரம்போல் சுடும். சூடு இறங்கிய பிறகுதான் அடுத்த ஊற்று. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே என் சேலையில் சல்லடைபோல் ஓட்டைகள் விழுந்தன. அதிலிருந்து பழைய காட்டன் புடவைதான், அதன் மேல் ஒரு கோட்.

இந்த வேலையில் நான் கெட்டி. அளவு ஜாடியைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, நீரின் கீழ் வளைவு கோட்டைத் தொடுகிறதா என்று பார்க்காமல் ஒரு சொட்டு ஊற்ற மாட்டேன். ஆனால் இன்னொரு பழக்கமும் எங்கள் லேபில் உண்டு. வருடத்துக்கு ஒருமுறைதான் சரக்கு வரும். பிப்ரவரி வரை அதை இழுக்க வேண்டும். ஒரு பாட்டில் அடி தட்டுகிறது என்றால் மிஸ்ஸே, "கொஞ்சம் தண்ணி ஊத்திக்கோங்கக்கா, ஒண்ணும் ஆவாது" என்பார். உப்புப் பரிசோதனைக்கு வைக்கும் அமிலங்களில் கொஞ்சம் தண்ணீர் கூடினால் நிஜமாகவே ஒன்றும் ஆகாது. ஊதாக் கரைசலான பெர்மாங்கனேட்டிலும் அப்படி ஊற்றியிருக்கிறோம். வகுப்பு தொடங்கும் முன்பே பாட்டிலில் ஊற்றிவிடுவேன். "எல்லாருக்கும் ஒண்ணாத்தானே குறையுது, கணக்குல சரியாயிடும்" என்று மிஸ் ஒருமுறை சொன்னார். அதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். ஏன் சரியாகிவிடும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இந்த வருடம் ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வு அன்று காலை, மிஸ் காய்ச்சி வைத்திருந்த கெட்டியான பெர்மாங்கனேட்டில் ஒரு பங்கு எடுத்து ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்தேன். மூன்று லிட்டர் வந்தது. போன வருடமும் மூன்று லிட்டர்தான், போதுமானதாக இருந்தது. மீதிக் கெட்டிக் கரைசலை மிஸ் பீரோவில் வைத்துப் பூட்டினார். பீரோ அறையின் அந்தக் கோடியில் இருக்கிறது. அதற்கு முன்னால்தான் தேர்வாளர்களின் மேஜையைப் போட்டிருந்தோம்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், அதாவது எக்ஸ்டர்னல், மறைமலை நகர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் சார். வெள்ளைச் சட்டை, கனத்த குரல். வந்ததும் என்னைப் பார்த்து, "எல்லாம் ரெடியாம்மா?" என்றார். தலையை ஆட்டினேன். "வாயத் தொறந்து சொல்லும்மா" என்று சிரித்தார். அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

பிள்ளைகள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ப்யூரெட் என்கிற நீளக் குழாயில் ஊதா நிறப் பெர்மாங்கனேட்டை நிரப்பி, கீழே குடுவையில் இருக்கும் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குடுவையில் இளஞ்சிவப்பு நின்றதும் குழாயை மூடி, எத்தனை மில்லி இறங்கியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை, அளவு தெரிந்த கரைசலோடு. இரண்டாம் தடவை, அளவு தெரியாத கரைசலோடு. இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் விடை. அன்று எல்லோருக்கும் ஒரே கரைசல்தான் வைத்தோம். சரியாகச் செய்தால் இரண்டு தடவையும் இருபதை ஒட்டி வர வேண்டும். விடை எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு மதிப்பெண் போகும்.

பத்தரை மணிக்கு ஒரு பெண்ணின் முழங்கை பட்டு பீக்கர் கவிழ்ந்தது. ஒரு பீக்கர் பெர்மாங்கனேட் மேஜையெல்லாம் ஓடியது. நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு பேர், ப்யூரெட்டை மூன்று முறை கழுவிக் கொட்டிவிட்டு, மறுபடி கேட்டு வந்தார்கள். பதற்றத்தில் அப்படித்தான் செய்வார்கள். அவர்களுக்கு ஊற்றிவிட்டுப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். முந்நூறு மில்லி இருக்கும். எதிரில் இன்னும் மூன்று பேர் காலி பீக்கரோடு நின்றார்கள். மூவருமே முதல் பகுதியை முடித்துவிட்டு இரண்டாவதுக்கு வந்தவர்கள். அவர்களுக்கு அப்பால் இன்னும் எத்தனை பேர் வருவார்களோ என்று இருந்தது.

கெட்டிக் கரைசல் பீரோவில். சாவி மிஸ்ஸிடம். மிஸ் எக்ஸ்டர்னலின் பக்கத்தில். சார் ஒரு பிள்ளையிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார், கோபமாக. அறையில் வேறு சத்தமே இல்லை. நான் அந்த நீள அறையை நடந்து கடந்து, அவர் பேச்சை நிறுத்தும்வரை நின்று, "மிஸ், பத்தல" என்று சொல்ல வேண்டும். "ஏம்மா, கணக்குப் பார்த்துக் கலக்க மாட்டியா?" என்று அவர் எல்லோர் முன்னாலும் கேட்பார். அதை நினைத்ததுமே காது சூடாகிவிட்டது.

காய்ச்சி வடித்த தண்ணீர் கேன் என் காலடியில் இருந்தது. கை தானாக நீண்டு அதை எடுத்தது. கண்ணளவில் நூற்றைம்பது மில்லி ஊற்றிக் குலுக்கினேன். பெர்மாங்கனேட் அவ்வளவு கறுப்பான ஊதா. தண்ணீர் சேர்த்தால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மூன்று பேருக்கும் ஊற்றினேன். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. பாட்டிலில் மிச்சம் நின்றது.

கால் மணி நேரம் கழித்து, ஜன்னலோர மேஜைப் பெண் நான் அந்தப் பக்கம் போகும்போது கிசுகிசுத்தாள். "லேப் அக்கா, எனக்கு முப்பது வருதுக்கா. பக்கத்துல எல்லாம் இருபது."

"மறுபடி பாரும்மா" என்றேன்.

"ரெண்டு வாட்டி பாத்துட்டேன்."

அங்கேயே நின்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும் தண்ணீரை வகுப்புக்கு முன்னால் ஊற்றினோம். முதல் தடவையும் இரண்டாம் தடவையும் ஒரே கரைசல். அதனால்தான் கணக்கில் சரியாகியது. இன்று நடுவில் ஊற்றிவிட்டேன். இவளுக்கு முதலில் விட்டது ஒரு கரைசல், இப்போது விடுவது வேறு. ப்யூரெட் சரியாகத்தான் சொல்கிறது. அவளும் சரியாகத்தான் செய்கிறாள். விடைதான் தப்பாக வரும்.

மற்ற இருவரையும் பார்த்தேன். ஒருத்தி பக்கத்து மேஜைத் தாளை ஓரக்கண்ணால் பார்த்து என்னவோ எழுதினாள். இன்னொருத்தி ஏற்கெனவே கணக்கை முடித்திருந்தாள். அவள் தாளில் இருபது புள்ளி இரண்டு. அவளுக்கு அது வந்திருக்க வழியே இல்லை.

ஜன்னலோரப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு முப்பது என்று எழுதினாள்.

பன்னிரண்டுக்குத் தேர்வு முடிந்தது. எனக்குக் கை கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கழுவிய குடுவைகளை மறுபடி கழுவினேன். மேஜையைத் துடைத்தேன். தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்து, எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் மூடினேன். அந்த பெர்மாங்கனேட் பாட்டிலை மட்டும் கழுவவில்லை. கொட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டு முறை தொட்டிவரை கொண்டுபோனேன். திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தேன்.

மிஸ்ஸும் சாரும் தாள்களை எடுத்து உட்கார்ந்தார்கள். மதிப்பெண் பட்டியலை இரண்டு பேரும் கையெழுத்திட்டு, உறையில் போட்டு ஒட்டிவிட்டால் முடிந்தது. அதற்குள் சொல்ல வேண்டும். மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

மிஸ் நிமிர்ந்தார். "ஆ, அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். சாருக்குச் சாப்பாடு. ஸ்டேஷன் பக்கத்து மெஸ்ல மீன் சாப்பாடு சொல்லி வச்சிருக்கேன், வாங்கிட்டு வந்துடுங்க. சார் ரெண்டு மணிக்குக் கிளம்பணுமாம்."

எக்ஸ்டர்னல் வந்தால் நல்ல சாப்பாடு போட்டு அனுப்புவது எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கம். போகாமல் இருக்க முடியாது. "சரி மிஸ்" என்றுதான் வாயில் வந்தது.

கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் அந்த ஜன்னலோரப் பெண் நின்றுகொண்டிருந்தாள், தோழிகளோடு. ஒருத்தி அவள் தோளை இடித்தாள்.

"இன்னாடி எழுதின?"

"முப்பது."

"லூசாடி நீ? எட்டிப் பாத்து எழுத வேண்டியதுதானே!"

"பாத்தேன். எனக்கு முப்பதுதான் வந்துச்சு."

"பெரிய சத்திய சோதனைக் கூடம் இவ! போ, போய் முப்பதுக்கு மூணு மார்க் வாங்கிக்கோ." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

என்னைக் கண்டதும் கிட்டே வந்தாள். "அக்கா, நான் என்னக்கா தப்பு பண்ணேன்? முதல்ல கரெக்டா வந்துச்சு. அப்புறம் எப்படி மாறும்? லேப் டெக்னீசியன் கோர்ஸ்தான் சேரலாம்னு இருக்கேன். இதுலயே மார்க் போனா எனக்கு யாருக்கா சீட்டு குடுப்பாங்க?"

நீ ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். நாலே நாலு சொல். "சாப்டியாம்மா?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

மெஸ்ஸில் கூட்டம். மீன் இப்போதுதான் பொரிகிறது என்றார்கள். நான் வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்தேன். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பத்து. விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே வட்டம் போட்டு வட்டம் போட்டுப் போனது. அது ஒவ்வொரு சுற்று முடிக்கும்போதும், அவர்கள் இப்போது எத்தனையாவது தாளில் இருப்பார்கள் என்று எண்ணினேன். சொன்னால் வேலை போகுமா? போகாவிட்டாலும், இனி என்னைக் கலக்க விடுவார்களா? எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டே இருப்பாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பார்சல் வாங்கித் திரும்பும்போது ஆட்டோவில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். கால் ஆடிக்கொண்டே இருந்தது போலிருக்கிறது.

"இன்னாக்கா, கொழம்பு கொட்டிடப் போவுது, நல்லா ஒக்காந்துகினு வா" என்றார் டிரைவர்.

"சீக்கிரம் போங்கண்ணா."

"இதுக்கு மேல போனா பறக்கத்தான் வேணும். மின்னாடி லாரி நிக்கிது, தெரில?"

சேலையூர் வளைவில் எல்லாம் நின்றுபோய் இருந்தது. இறங்கி நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன். ரசம் ஒரு பக்கம் கசிந்து புடவையில் வழிந்தது.

லேபுக்குள் போனபோது பட்டியல் எழுதி முடிந்திருந்தது. சார் கையெழுத்துப் போட்டுவிட்டு உறையைப் பிரித்து வைத்திருந்தார். "வாம்மா, பசி உயிர் போவுது" என்றார். மிஸ் இலையை விரித்தார். நான் சோற்றை வைத்தேன், குழம்பை ஊற்றினேன், மீனை வைத்தேன். அவர் முதல் கவளத்தைப் பிசைந்தார். நான் மோர் பாக்கெட்டைப் பிரிக்க முடியாமல் பிரித்துக்கொண்டு இருந்தேன்.

"மிஸ், பெர்மாங்கனேட்ல நான் தண்ணி ஊத்திட்டேன்."

மிஸ் நிமிரவில்லை. "எப்பவும் ஊத்தறதுதானக்கா" என்றார் அப்பளத்தை எடுத்துக்கொண்டே. அடுத்த விநாடி எக்ஸ்டர்னல் சாரின் முன்னால் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் சிவந்துவிட்டது.

சார் பிசைவதை நிறுத்தினார். "எப்பம்மா ஊத்தின? ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியா, நடுவுலயா?"

"நடுவுல சார். பத்தல. அங்கேருந்து வந்து கேக்க..."

"கேக்க?"

"கூச்சமா இருந்துச்சு சார்."

அவர் இலையைத் தள்ளி வைத்தார். "எத்தன பேருக்குக் குடுத்த?"

"மூணு பேருக்கு சார்."

இடது கையால் தாள்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மிஸ்ஸும் எட்டிப் பார்த்தார். கடைசித் தாள்வரை போய், மறுபடி முதலிலிருந்து வந்தார்.

"ஒரு பேப்பர்லதானே முப்பது இருக்கு? மத்த ரெண்டு பேருக்கு இருபது எப்படி வந்துச்சு?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒருத்திக்காக வாயைத் திறந்து இரண்டு பேரை மாட்டிவிட்டேன். இருவர் முகமும் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கே நின்றார்கள் என்றும் தெரியும்.

"யாரும்மா அந்த ரெண்டு பேரு?"

"மூஞ்சி ஞாபகம் இல்ல சார்" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சத்தமாக நான் பொய் சொன்னதில்லை.

மிஸ் என்னையே பார்த்தார். வருடம் முழுக்கப் பிள்ளைகளைப் பெயர், அப்பா வேலை, பஸ் நம்பரோடு எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

சார் எழுந்து கை கழுவினார். "அந்த பாட்டில் இருக்கா, கொட்டிட்டியா?"

எடுத்துக் கொடுத்தேன். அவரே ப்யூரெட்டை நிரப்பினார். குடுவையில் அளவு தெரியாத கரைசலை எடுத்து, சொட்டுச் சொட்டாக விட்டார். இருபது தாண்டியது. இருபத்தைந்து. நான் ஜன்னலுக்குப் போய்த் திரும்பி வந்தேன். முப்பதைத் தொடும்போது குடுவை இளஞ்சிவப்பாக நின்றது.

"பொண்ணு கை சுத்தமா இருக்கு" என்றார். "ஒரு சொட்டு வித்தியாசம்கூட இல்ல. பாருங்க மிஸ்." பிறகு பட்டியலை எடுத்து, அவளுடைய மதிப்பெண்ணை அடித்து, முழு மதிப்பெண் எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டார். மிஸ்ஸும் போட்டார்.

"அந்த ரெண்டு பேரு?" என்று மிஸ் மெதுவாகக் கேட்டார்.

"தப்பான கரைசலைக் குடுத்தது நாம. அதுக்கு அவங்க என்ன பண்ணியிருக்கணும்னு இப்போ நான் தீர்ப்பு சொல்ல முடியாது. இப்படியே இருக்கட்டும்." உட்கார்ந்தார். "ஆனா மார்க்கைத் திருத்தினதுக்குக் காரணம் காட்டணும். எச்.எம். கிட்ட சொல்லி ஒரு கடிதம் வாங்கிடுங்க." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அஞ்சு நிமிஷம் முன்னாடி சொல்லியிருந்தா சூடா சாப்பிட்டிருப்பேன்ல?"

மோரை ஊற்றினேன். பாதி மேஜையில் போனது. இரண்டரைக்குச் சார் போனார். மிஸ் பீரோவைப் பூட்டினார். சாவியை எப்போதும் போடும் இழுப்பறையில் போடவில்லை, கைப்பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் பஸ்ஸில் முடிச்சூர்வரை நின்றுகொண்டே போனேன், உட்கார இடம் இருந்தும்.

மறுநாள் எச்.எம். கூப்பிட்டு எழுத்தில் விளக்கம் கேட்டார். ஒன்பது வரி எழுதிக் கொடுத்தேன். அன்று தேர்வுக்கு வந்த இரண்டாம் அணிப் பிள்ளைகளுக்கான பெர்மாங்கனேட்டை மிஸ்ஸே கலந்தார். நான் குடுவை கழுவினேன்.